உப்பும் உறக்கமும்

மனத்தின் ஏற்றத்தாழ்வுக்காக ஆண்டுக்கணக்கில் ஔஷதம் உட்கொண்டு வரும் ஒருவன், வெளியூர்ப் பிரயாணம் என்று வாயெடுத்த மாத்திரத்திலேயே, அவனைச் சூழ்ந்திருக்கும் பந்துமித்திரர்கள் இரண்டு வார்த்தைகளுள் ஒன்றைச் சொல்லாமல் விடுவதில்லை. "இந்த உடம்பை வைத்துக்கொண்டு எங்கே போகப் போகிறாய்?" என்பது ஒன்று, "மாத்திரையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போ, போதும்" என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் பிறப்பவையே. ஆயினும் இரண்டையும் நம்பி நடப்பது தகாது என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மாத்திரையை மறப்பது அபாயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், மறவாமல், வேளை தவறாமல், அளவு பிசகாமல் உட்கொண்டு வருகையிலேயே அதே மாத்திரை பிரயாணத்தின் நடுவில் விஷத்தன்மை எய்தக்கூடும் என்பதை எங்களுக்கு எடுத்துச் சொல்வார் அரியர். வீட்டில் உண்ட மாத்திரைதான் ரயிலிலும் உண்பது. அதை ஏற்கும் சரீரந்தான் வெயிலிலும் வியர்வையிலும் கண்விழிப்பிலும் வேறாகிவிடுகிறது.

நான் கும்பகோணத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ரசாயனம் போதித்தவன். பிளாட்டினக் கம்பியின் நுனியை உப்பில் தோய்த்துப் பன்சன் அடுப்பின் சுடரில் காட்டும் பாடம் வரும் நாளில், பின்பெஞ்சுப் பையன்களும் எழுந்து முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். சோடியம் பொன்மஞ்சளாய் எரியும். பொட்டாசியம் மெல்லிய ஊதாவாய்த் தோன்றி மறையும். லித்தியமோ, குங்குமத்தை அள்ளி வீசியதுபோலச் செக்கச்செவேலென்று சுடர் விடும். எத்தனையோ தொகுதிப் பிள்ளைகளுக்கு அந்தச் செஞ்சுடரைக் காட்டி வந்த நான், நாற்பது வயதை ஒட்டி, உறக்கமே வேண்டாத ஓர் உன்மத்த உற்சாகத்தில் தொடங்கி, பிறகு படுக்கையை விட்டு எழவும் மனமில்லாத சோகத்தில் வீழ்ந்து, வீட்டாரைப் பெரும் கலக்கத்துக்கு உள்ளாக்கிய வியாதிக்கு ஆளானபோது, மனநல வைத்தியர் சீட்டில் எழுதிய முதல் சொல் 'லித்தியம் கார்பனேட்' என்பதாக இருந்தது. உலோகங்களுள் மிக இலேசானதாகிய அந்த வஸ்து, மனத்தின் பாரத்தைச் சமனாக்க வல்லது என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எங்கள் டாக்டர் பொறுமைசாலி. நான் ஆசிரியன் என்பதால் எனக்கு எதையும் காரணத்தோடு விளக்குவார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் கைதியாகிச் சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் மூன்றாண்டுக்கு மேல் கிடந்து மீண்ட ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர், மெல்போர்ன் நகரை அடுத்த பண்டூராவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் செய்த பரிசோதனைகளை 1949-இல் வெளியிட்ட வரலாற்றையும், பின்னர் டென்மார்க்கு தேசத்து மோகன்ஸ் ஷோ என்பவர் அதைச் சாஸ்திரீயமாக நிலைநாட்டப் பாடுபட்டதையும் அவர் வாயிலாகவே அறிந்தேன். அதே 1949-இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு துயரத்தையும் அவர் சொன்னார். இருதய நோயாளிகளுக்குச் சோற்றுப்பு கூடாது என்று விலக்கிய வைத்தியர்கள், நாவின் சுவைக்காக லித்தியம் குளோரைடை உப்புக்குப் பதிலாகத் தூவிக்கொள்ள அனுமதித்தார்களாம். அளவின்றி அதைத் தூவிக்கொண்டவர்களுள் சிலர் மாண்டே போனார்கள். அதன் பிறகு அந்நாட்டு அரசாங்கம் லித்தியத்தை மருந்தாக அங்கீகரிக்க 1970 வரை சென்றது.

"சார், இந்தச் சம்பவத்தை மட்டும் நீங்கள் மறக்கவே கூடாது" என்று அவர் வற்புறுத்திய காரணம் பின்னால் விளங்கிற்று. தனிமங்களின் அட்டவணையில் லித்தியத்துக்கு நேர் கீழே வீற்றிருப்பது சோடியம். நமது சிறுநீரகங்களுக்கு இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் போதாது. உடம்பில் சோற்றுப்பு குறைந்து போனால், உப்பைக் காப்பாற்றிக்கொள்வதாக எண்ணி, அவை லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உப்பு திடீரென்று மிகுந்தாலோ, லித்தியமும் கூடவே வெளியேறி, மருந்தின் பலன் குறைந்துவிடுகிறது. வியர்வை, வாந்தி, பேதி, பட்டினி, உப்பில்லாப் பத்தியம் ஆகிய இவையெல்லாம் மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே இரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும். அளவின் வரம்போ மிகக் குறுகியது. கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தத்தில், லிட்டருக்கு 0.6 முதல் 1.0 வரை மில்லி ஈக்விவலன்ட் இருந்தால் க்ஷேமம், 1.5-ஐத் தாண்டினால் விஷம். க்ஷேமத்துக்கும் அபாயத்துக்கும் இடையே இவ்வளவு நெருக்கமாக எல்லைக்கோடு கிழிக்கப்பட்ட மருந்துகள் சிலவே உள்ளன.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருநாகேசுவரத்தை ஒட்டி ஒப்பிலியப்பன் சந்நிதி இருக்கிறது. மார்க்கண்டேய முனிவரின் மகளுக்கு உப்பிட்டுச் சமைக்கத் தெரியாதென்பதால் பெருமாளே உப்பைத் துறந்தார் என்பது ஸ்தல புராணம். இன்றும் அங்கே நைவேத்தியம் யாவும் உப்பின்றியே ஆகும். என் வியாதி தணிந்தால் ஒரு மண்டலம் நான் உப்பில்லாமல் உண்பதாக என் தாயார் வேண்டிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் அதைச் சொன்னபோது, அவர் கேலி செய்யவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. "அம்மா, ஒரு வேளைப் பிரசாதம் உப்பில்லாமல் உண்பதால் ஒன்றும் ஆகாது, மண்டலம் முழுவதும் வேண்டாம். அந்தப் பிரார்த்தனையை நீங்கள் உங்கள் பேரில் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். தாயார் அவ்வாறே செய்தார். நோயாளியின் வீட்டு நம்பிக்கைகளைக் காதுகொடுத்துக் கேட்கும் வைத்தியரால் மட்டுமே இத்தகைய விபத்தை முன்கூட்டித் தடுக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அக்காளும் அத்தானும் காசி யாத்திரைக்கு ஏற்பாடு செய்து, எங்களையும் அழைத்தார்கள். விடுமுறை வாய்ப்பதோ மே மாதத்தில். வடநாட்டில் அனல் காற்று வீசும் காலம். டாக்டர் போகாதே என்று சொல்லவில்லை. ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து, ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் என் வியாதியின் பெயரையும், மருந்தின் ரசாயனப் பெயரையும், அளவையும், வேறெந்த மருந்துகள் எனக்கு ஆகா என்பதையும் எழுதி முத்திரையிட்டார். மறுபக்கத்தில் தமிழில் என் மனைவிக்கென்று சில வாக்கியங்கள் எழுதினார். வாந்தியோ பேதியோ கண்டால் அன்றிரவு மாத்திரையை நிறுத்த வேண்டியது; ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்க வேண்டியது; கை நடுக்கம் பெரிதானாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டியது. மாத்திரைகளை அட்டையோடே இரண்டு பங்காக்கி, ஒன்றை என் கைப்பையிலும் மற்றொன்றைத் தன் பையிலும் மனைவி வைத்துக்கொண்டாள். தூரப் பிரயாணத்தில் ஒரு பை தொலைவது சகஜம். இரண்டும் ஒருசேரத் தொலைவது அபூர்வம்.

நாகபுரியைத் தாண்டும்போது ரயிலின் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. வியர்ப்பது கூடத் தெரியாமல் சட்டையிலேயே வியர்வை உலர்ந்து, முதுகில் வெள்ளைக் கோடுகளாய் உப்புப் பூத்தது. அத்தான் நிலையந்தோறும் இறங்கித் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தார். என் மனைவி அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பிட்டுக் கொடுத்தாள். உப்பை இழந்தவன் வெறும் நீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உப்பின் குறை தீராது என்பதைச் சாதாரண ஜனங்கள் அறிவதில்லை. இளநீர் உத்தமமான பானந்தான். எனினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் சொற்பம். எங்கள் பக்கத்தில் கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைத்து வழங்கும் உப்பிட்ட நீர்மோரே என் போன்றவனுக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

காசியில் அனுமான் கட்டத்தை ஒட்டிய சந்தில், தமிழர்கள் பரம்பரையாக வாழும் பகுதியில் ஜாகை கிடைத்தது. அங்கேதான் பாரதியார் தம் இளமையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார் என்பதால், அந்தச் சந்தின் கல்தளத்தில் நடப்பதே எனக்குப் பெரும் பாக்கியமாகத் தோன்றிற்று. படித்துறைப் படிகளில் ஏறி இறங்கியதில் என் முழங்கால் வீங்கிவிட்டது. அத்தான் தம் பையிலிருந்து டைக்ளோஃபெனக் மாத்திரையை எடுத்து, "ஒண்ணு போடு மச்சான், வலி பறந்துடும்" என்று நீட்டினார். அதற்குள் என் மனைவி குறுக்கிட்டு, "வேண்டாம் அண்ணே, அவங்க மாத்திரையோட இது சேராது. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். பாரசிட்டமால் இருக்கு, அதைக் கொடுக்கிறேன்" என்றாள். டைக்ளோஃபெனக், ஐப்யூப்ரோஃபென் முதலிய வீக்கநிவாரணி மாத்திரைகள் சிறுநீரகத்தின் வழியை நெருக்கி லித்தியத்தை உடம்பில் தேக்கிவிடும். மூட்டு வலிக்கு இவற்றைச் சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் மிட்டாய்போல வாங்கலாம் என்பதே இதில் பயங்கரம். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளும், நீர் பிரிவதற்குத் தரும் மாத்திரைகளுள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

முழங்கால் தப்பிற்று, வயிறு தப்பவில்லை. ஒருநாள் இரவு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தபின், நடுநிசியில் பேதி கண்டது. விடிந்தது முதல் மனைவி உப்புச்சர்க்கரை நீரைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். பகல் உணவு வேளை கழிந்து, சந்து முனையிலிருந்து அத்தான் மண் குவளையில் தேநீர் வாங்கி வந்தார். என் விரல்களில் எப்போதும் ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. பல ஆண்டு லித்தியம் உண்டவர் பலருக்கும் அது இயல்பு. கரும்பலகையில் எழுதுகையில்கூட அது பிறர் கண்ணுக்குத் தெரியாது. அன்று குவளையை வாங்கிய கை மணிக்கட்டிலிருந்தே ஆடிற்று. தேநீர் விளிம்பைக் கடந்து என் வேட்டியில் சிந்திற்று. இடது கையால் வலது கையைப் பற்றினேன், இரண்டும் ஆடின. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், ஒரு வார்த்தையும் சொல்லாமல், பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள்.

முனையிலிருந்த எஸ்.டி.டி. தொலைபேசிப் பூத்துக்கு அத்தானின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தேன். கால்கள் தரையில் உத்தேசித்த இடத்தில் ஊன்றவில்லை. ஊரிலிருந்த எங்கள் டாக்டர் என் மனைவியிடம் விசாரித்துவிட்டு, "போனை அவரிடம் கொடுங்கள், அம்மா" என்றார். "சார், அட்டவணையில் முதல் தொகுதியை மேலிருந்து கீழாகச் சொல்லுங்கள், கேட்போம்" என்றார். லித்தியம், சோடியம், பொட்டாசியம் வரையில் சொல்லிவிட்டேன். ருபீடியம் என்னும் சொல்லில் நாக்கு தடித்துச் சுருண்டது, மறுபடியும் முயன்றேன், அது ஒரு சொல்லாக வெளிவரவில்லை. ஆயிரம் தடவை வகுப்பில் உரக்கச் சொன்ன பெயர் அது. மறுமுனையில் டாக்டர், "போதும் சார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காகிதத்தைக் கையிலேயே வைத்திருங்கள்" என்றார்.

அவ்வூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் மூவருக்கும் இந்தி தெரியாதது ஒரு குறையாகவே இல்லை; காகிதம் எங்களுக்காகப் பேசிற்று. பணியிலிருந்த இளம் டாக்டர் அதைப் படித்த உடனே இரத்தம் எடுத்தனுப்பி, உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக நாளத்தில் ஏற்றத் தொடங்கினார். மாத்திரை உண்டு பதினெட்டு மணி நேரத்துக்கு மேலாகியும் அளவு 1.4 இருந்தது, ஊரில் பன்னிரண்டாம் மணியில் பார்த்தாலும் 0.7-ஐ ஒட்டியே இருக்கும். காகிதம் இல்லாதிருந்தால் அங்கே நடந்திருக்கக் கூடியதை நினைக்கையில் இப்போதும் என் உள்ளம் பதைக்கிறது. தள்ளாடி, நாக்குழறி, வேற்றுப் பாஷை பேசும் ஒருவனைக் குடித்தவன் என்றோ சித்தப்பிரமை கொண்டவன் என்றோ கருதுவது எந்த ஊரிலும் எளிது. பேதிக்கு மட்டும் மருந்து கொடுத்து, "வழக்கமான மாத்திரையை நிறுத்தாமல் போடுங்கள்" என்று அனுப்பிவிடுவது அதனினும் எளிது. நான் விடுபட்டு, உடம்பு தேறி, மாத்திரையை டாக்டரின் யோசனைப்படி மீண்டும் தொடங்கி, கங்கையில் நீராடி, விசுவநாதரைத் தரிசித்துவிட்டே ஊர் திரும்பினேன்.

பின்னாளில் மகள் அமெரிக்காவில் குடியேறி, பேரன் பிறந்தபோது கடல் கடந்து போக நேர்ந்தது. இம்முறை டாக்டர் உப்பைக் குறித்து அதிகம் பேசவில்லை; உறக்கத்தைக் குறித்தே பேசினார். எங்கள் வியாதியில் நித்திரை குறைவது வியாதியின் லக்ஷணம் மட்டுமன்று, வியாதியை எழுப்பிவிடும் காரணமும் ஆகும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பிரயாணிகளை ஆராய்ந்து 1982-இல் வெளியான கட்டுரையில், மேற்கு நோக்கிப் பறந்தவரிடம் மனச்சோர்வும், கிழக்கு நோக்கிப் பறந்தவரிடம் உன்மத்த எழுச்சியும் மிகுந்து காணப்பட்டனவென்று அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே போவதைவிடக் கிழக்கு நோக்கித் திரும்புவதற்கே அதிக ஜாக்கிரதை வேண்டும் என்றார். திரும்பி வந்த வாரத்தில் உற்றார் உறவினரைப் பார்க்க வரவிடாமல், மாலை வெயிலில் நடக்கவைத்து, இரவு குறித்த வேளையில் விளக்கை அணைத்து, என் மனைவி என்னைக் காத்தாள். மூன்று மணி நேரம் உறங்கி, களைப்பே இல்லாமல், உள்ளம் துள்ளிக்கொண்டு எழுவேனாகில் அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டுமென்பது எங்களிருவருக்கும் இடையே உடன்பாடு. அந்த உற்சாகம் எவ்வளவு இன்பமானது என்பதை அனுபவித்தவர்களே அறிவர். அதைத் தக்க சமயத்தில் சந்தேகிக்கக் கற்றுக்கொள்வது பெரிய வித்தை.

நேரக் கணக்கு மாறுகையில் மாத்திரை வேளையை எப்படி மாற்றுவது என்பதையும் புறப்படுமுன்பே எழுதி வாங்கியிருந்தோம். விட்டுப்போனதற்காக இரண்டு வேளை மருந்தை ஒருசேர விழுங்கக் கூடாது என்பது அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. விமானக் கம்பெனியொன்றின் கவனக்குறைவால் எங்கள் பெரிய பெட்டி வேறெங்கோ போய், தாமதமாகவே வந்து சேர்ந்தது. மருந்து கைப்பையில் இருந்தபடியால் ஓர் இரவும் தவறவில்லை. தூக்க மாத்திரைகளுள் சிலவற்றையும் பதற்றம் தணிக்கும் மாத்திரைகளையும் முன் அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாதென்று கண்டிப்புக் காட்டும் நாடுகள் உண்டு. சீட்டும், அட்டை பிரியாத மாத்திரையும், டாக்டரின் கடிதமும் இல்லாமல் எந்த அயல்நாட்டுக்கும் கிளம்பக் கூடாது.

டாக்டர் வீட்டு வராந்தாவில் காத்திருக்கும் வேளைகளில் பலருடைய அனுபவங்களைக் கேட்டிருக்கிறேன். எல்லாருக்கும் என் மருந்தே இல்லை. ஆகையால் என் விதிகளே அவர்களுக்கும் பொருந்துவதில்லை. லாமோட்ரிஜின் உண்பவர் அதைச் சில நாள் விட்டுவிட்டால், பழைய அளவில் திடீரெனத் தொடங்கலாகாது. கடுமையான தோல் வியாதி மூளக்கூடும் என்பதால், குறைந்த அளவிலிருந்து படிப்படியாகவே ஏற வேண்டும். கைநடுக்கத்துக்காகத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைக் குறைப்பதால், கோடை வெயிலில் உடம்புச் சூடு தணியாமல் நிற்கும். பத்ரிநாத் போன்ற உயரமான தலங்களுக்குச் செல்பவர், மலைநோய்க்கென்று விற்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைக் கேளாமல் வாங்கி விழுங்குகின்றனர். அது லித்தியத்தை வெளியேற்றி மருந்தின் பிடியைத் தளர்த்திவிடும். ஆப்பிரிக்கப் பிரதேசங்களில் மலேரியாவைத் தடுக்க வழங்கும் மெஃப்ளோகுவின், மனநோய் உற்றவர்களுக்கு விலக்கப்பட்டது.

மனநோய்க்குரிய மாத்திரைகளை இன்னமும் 'நரம்பு மாத்திரை' என்றே பல வீடுகளில் மறைத்துச் சொல்கிறார்கள். உடன் வருபவர்க்குத் தெரியாதபடி குளியலறையில் ஒளிந்து விழுங்குபவர்களை நான் அறிவேன். அவர்களுடைய சங்கடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அந்தச் சங்கடத்தோடு நானும் பல காலம் வாழ்ந்தவனே. ஆயினும், கை ஆடும்போதும் நாக்கு தடிக்கும்போதும் நோயாளி தானே அதை உணர்ந்து சொல்ல முடியாமற் போகலாம். காசியில் அதைக் கண்டறிந்தது என் மனைவி.

ஆகவே, இத்தகைய மருந்து உண்பவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்து, இந்தக் கோடையில் யாத்திரையோ கல்யாணமோ வெளிநாட்டுப் பிரயாணமோ வாய்க்குமாயின், அவரை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். உடன் அழைத்துச் செல்லுங்கள். டிக்கெட் எடுக்குமுன் வைத்தியரிடம் போய், எந்த மருந்து ஆகாது, வயிறு கெட்டால் என்ன செய்வது, எந்த அறிகுறிக்கு ஆஸ்பத்திரி நாடுவது என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். கூட வருபவர்களில் ஒருவரேனும் அதைப் புறப்படுமுன் முழுவதும் படித்திருக்கட்டும்.